பி.ஏ. வரலாறு எடுக்கலாமா?

மே 18 – குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் கேட்டது

அண்ணா, என் மகள் ப்ளஸ் டூவில் 600-க்கு 521 வாங்கியிருக்கிறாள். இன்ஜினீயரிங் வேண்டாம், பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். எங்கள் மூத்தார் சொல்கிறார்: "இந்த ஆர்ட்ஸ் படிப்பெல்லாம் குமாஸ்தா வேலைக்கு ஆள் பிடிக்க வெள்ளைக்காரன் ஆரம்பித்தது. நம்ம பெரியவங்க காலத்தில் படிப்பு என்றாலே தொழில் கற்றுக்கொள்வதுதான். காசு இருக்கிறவன் வீட்டுப் பிள்ளை வேண்டுமானால் கதை படிக்கட்டும்." அவர் சொல்வது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை, நான் பத்தாவது வரைதான். நீங்கள் வரலாறு படித்துவிட்டு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறீர்கள். இதைப் படித்தால் அவளுக்கு என்ன கிடைக்கும், சம்பளம் எப்படி, நேராகச் சொல்லுங்கள்.

மே 19, இரவு

மூத்தார் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கதையை நடுவிலிருந்து சொல்கிறார்.

குமாஸ்தா விவகாரத்தை எல்லோரும் கவர்னர் ஜெனரலின் சபையில் இருந்த மெக்காலேயிடமிருந்துதான் தொடங்குவார்கள். 1835 பிப்ரவரியில் அவர் ஒரு குறிப்பு எழுதினார்: கல்விக்கென்று ஒதுக்கிய பணத்தை ஆங்கிலப் படிப்புக்கே செலவிட வேண்டும் என்று. அதை ஏற்று மார்ச் 7-ஆம் தேதி அரசின் தீர்மானமாக்கியவர் கவர்னர் ஜெனரல் வில்லியம் பென்டிங்க். வேலூர்க்காரர்கள் மறக்கக் கூடாத பெயர் அது. 1806 ஜூலை 10 விடியற்காலை நம் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் அவரேதான். கடுக்கனைக் கழற்று, நெற்றியில் குறி போடாதே, தாடியை எடு, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டு என்ற உத்தரவுகள் அவர் காலத்தில் வந்தவை. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சில மணி நேரத்தில் எல்லாவற்றையும் ரத்தத்தில் அடக்கினார். இருந்தாலும் லண்டன் பென்டிங்கை 1807-ல் திருப்பி அழைத்துக்கொண்டது. 1828-ல் அவர் இந்தியாவுக்கே கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார்.

தலைமேல் எதைக் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர், அடுத்த முறை தலைக்குள் எது போக வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

எனக்கு இந்த முடிச்சைக் காட்டியது பாடப்புத்தகம் இல்லை. 1994, இரண்டாம் வருடம். எங்கள் வாத்தியார் ஒருவர் மத்தியான வகுப்பை ரத்து செய்துவிட்டு எங்களைக் கோட்டைக்கு நடத்திக்கொண்டு போனார். பதினோரு பேர். அகழிக்கரையில் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, "1806-ல் கவர்னர் யார்?" என்றார். சொன்னோம். "1835-ல் ஆங்கிலக் கல்விக்குக் கையெழுத்துப் போட்டது யார்?" என்றார். அதையும் சொன்னோம். "ரெண்டு பேரும் ஒரே ஆளா, வேற வேற ஆளா?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டும் வேறு வேறு தாளில் வந்தவை. வேறு வேறு ஆள் என்றே பதினோரு பேரும் நினைத்திருந்தோம்.

மகளுக்கு என்ன கிடைக்கும் என்று நீங்கள் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மத்தியானம்தான்.

மே 20, காலை

ராத்திரி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பழி முழுவதையும் 1835 தலையில் கட்டியது போல இருக்கிறது. அது நியாயமில்லை. மெக்காலேயும் பென்டிங்கும் முடிவு செய்தது மொழியை. நம் கல்லூரிகளின் வடிவத்தை முடிவு செய்தது 1854-ல் வந்த, லண்டனில் இந்திய நிர்வாகத்தைக் கவனித்த சார்லஸ் வுட்டின் அறிக்கை. அதை வைத்துத்தான் 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊரிலும் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள்.

எந்த மாதிரியைப் பார்த்துத் தொடங்கினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டையோ கேம்பிரிட்ஜையோ பார்த்து இல்லை. 1836-ல் உருவான லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து. அன்றைக்கு அது பாடம் நடத்தாது. தேர்வு வைக்கும், பட்டம் கொடுக்கும், அவ்வளவுதான். பாடம் வேறெங்கோ ஒரு கல்லூரியில் நடக்கும். சென்னையும் அதே வழியில் போனது. பல்கலைக்கழகமே ஆசிரியர்களை அமர்த்திப் பாடம் நடத்தலாம் என்பதற்கு 1904-ஆம் வருடச் சட்டம் வர வேண்டியிருந்தது. அதுவரை ஏறக்குறைய ஐம்பது வருடம் பல்கலைக்கழகம் என்றால் வினாத்தாள், விடைத்தாள், பட்டமளிப்பு அங்கி.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் இருந்த கதை உங்களுக்குத் தெரியும். கோபுரம் உண்டு, கல்யாண மண்டபம் உண்டு, தூணுக்குத் தூண் யாளி உண்டு, கருவறையில் சாமி இல்லை. தலைமுறை தலைமுறையாக அப்படியே இருந்து 1981-ல்தான் சத்துவாச்சாரியிலிருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு அப்போது ஆறு வயது, நைனா (அப்பா) தோள்மேல் உட்கார்ந்து கூட்டம் பார்த்தேன். 1857-ல் நமக்கு வந்த பல்கலைக்கழகத்தை நினைத்தால் எனக்கு அந்த வெறும் கருவறைதான் ஞாபகம் வரும்.

ஆகவே மூத்தாரிடம் இப்படிச் சொல்லலாம்: குமாஸ்தா உண்டாக்கியது வரலாறோ இலக்கியமோ தத்துவமோ இல்லை. பேசிப் படிப்பதை வெளியே தள்ளிவிட்டுத் தேர்வை மட்டும் உள்ளே வைத்த ஏற்பாடு. இன்ஜினீயரிங்கையும் அப்படி நடத்தினால் அதிலிருந்தும் குமாஸ்தாதான் வருவார்.

மே 20, இரவு

அதே காலத்தில் இதை எதிர்த்துப் பேசிய ஆள் ஒருவர் இருந்தார். ஜான் ஹென்றி நியூமன், ஆங்கிலேயப் பாதிரியார். 1852-ல் டப்ளினில் பல்கலைக்கழகம் என்றால் என்ன என்று தொடர் சொற்பொழிவு செய்தார். அதில் ஓரிடம். ஒன்று, யார் வந்து தேர்வு எழுதினாலும் பட்டம் கொடுத்து அனுப்பும் பல்கலைக்கழகம். இன்னொன்று, பேராசிரியரும் இல்லை, தேர்வும் இல்லை, இளைஞர்களை மூன்று நான்கு வருடம் ஒன்றாக வாழவிட்டு அனுப்பும் பல்கலைக்கழகம். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் இரண்டாவதையே எடுப்பேன் என்றார். அடுத்த ஐந்தாம் வருடம் நமக்கு முதலாவது வந்தது.

நியூமன் எதற்கு, நம் நன்னூலே போதும். 13-ஆம் நூற்றாண்டு. பவணந்தி முனிவர் இலக்கணத்துக்கு முன்னால் பாயிரத்தில் கல்விக்கு ஒரு கணக்கு வைக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் அறிவில் கால் பங்குதான் வரும். கூடப் படிப்பவர்களோடு பழகிப் பேசினால் இன்னொரு கால். மீதி அரை, தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துச் சொல்லும்போது வரும். முக்கால் பங்கு வாத்தியாருக்கு வெளியே! பள்ளிக்கூடத்தில் இந்தச் சூத்திரத்தை நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். அது என்ன சொல்கிறது என்பது பல வருடம் கழித்துத்தான் உறைத்தது, கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு ஏற்றுமதிக் காகிதங்களைச் சொல்லிக்கொடுத்தபோது. பத்து வருடமாக நான் நிரப்பிய கட்டங்கள் எதற்காக இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது.

மே 21

ஆற்காட்டு நண்பர் தொட்டனைத்தூறும் மணற்கேணியைச் சேர்க்கச் சொல்கிறார். சேர்க்கிறேன். ஆனால் பாலாற்றில் ஊற்று தோண்டியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். தனியாளாகத் தோண்ட முடியாது. ஒருவர் சிரட்டையால் மணலை அள்ளும்போது இன்னொருவர் ஓரம் சரியாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்க வேண்டும். நானும் என் அக்காவும் அப்படித்தான் தோண்டுவோம். தண்ணீர் முதலில் கலங்கலாக வரும். இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்புறம் கண்ணாடி போல வரும். இப்போது அந்த இடத்தில் அணைத்துப் பிடிக்க மணலே கிடையாது.

மே 23, இரவு

மூத்தார் சொன்ன 'ஆர்ட்ஸ்' என்ற பேருக்கு வருகிறேன். ஐரோப்பாவில் இது 'லிபரல் ஆர்ட்ஸ்' என்ற ஏழு கலை. முதல் மூன்று சொல் பற்றியது: இலக்கணம், தருக்கம், பேச்சுக்கலை. அடுத்த நான்கு எண் பற்றியது: எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். ஏழில் நான்கு கணக்கு! கணக்கு வராதவர்கள் ஆர்ட்ஸ் எடுப்பார்கள் என்று நம் ஊரில் பேசுகிறோம். அந்தப் பேச்சுக்கு வரலாற்றில் வேர் எதுவும் இல்லை. இந்த ஏழையும் முடித்தவன்தான் சட்டமோ மருத்துவமோ இறையியலோ படிக்கப் போகலாம்.

பல்கலைக்கழகம் என்பதற்கு அவர்கள் வைத்த சொல்லுக்கும் 'பல கலை' என்ற பொருள் கிடையாது. 'உனிவெர்சிதாஸ்' என்றால் சங்கம், கூட்டு. தச்சர் சங்கம், நெசவாளர் சங்கம் மாதிரி. இத்தாலியில் போலோன்யாவில் அது மாணவர் சங்கம். 1088-ல் தொடங்கியது என்பது மரபு. வெளியூர்களிலிருந்து வந்த மாணவர்கள் சேர்ந்து ஆசிரியரை அமர்த்தினார்கள். வாத்தியார் நேரத்துக்கு வராவிட்டால் அபராதம், பாடத்தை முடிக்காவிட்டாலும் அபராதம். இதை மகளிடம் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிடாதீர்கள், ஒரு செமஸ்டர் போகட்டும். பாரிஸில் தலைகீழ், அங்கே ஆசிரியர்கள்தான் சங்கம்.

குடியாத்தத்தில் நெசவாளர் சங்கம் தெரியாதவர் யார்? மூத்தாருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

மே 24

மேல்விஷாரத்து நண்பர் நேற்றைக்கு எழுதியதைப் படித்துவிட்டுப் போன் செய்தார். "முதல் மூணும் எங்க மதரஸாவுல இருக்கே" என்றார். உண்மைதான். நஹ்வு, ஸர்ஃபு என்று இலக்கணம், மன்திக் என்று தருக்கம், பலாகத் என்று அணியும் சொல்வளமும். வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது பழகிய வரிசை. அரிஸ்டாட்டிலின் தருக்கம் அரபு வழியாகவும் உலகம் சுற்றியிருக்கிறது. ஐரோப்பிய மாணவன் 13-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் படித்ததற்கு ஒன்றுவிட்ட சகோதரன் போல ஒரு பாடம் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. முப்பது வருடம் அந்தத் தெரு வழியாகப் போய் வந்தும் நான் இதை யோசிக்கவில்லை.

மே 27, இரவு

'நம்ம பெரியவங்க காலத்தில் படிப்பு என்றாலே தொழில்' என்பதற்கு வருகிறேன். தொழில் குடும்பத்துக்குள் கற்றது, அது சரி. ஆனால் தொழிலுக்கு வெளியேயும் படிப்பு இருந்தது, சம்பளம் சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்து. நம் பக்கத்திலேயே எண்ணாயிரம் ஊரில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். இளையோர் 270 பேரில் 40 பேர் ரூபாவதாரம் என்ற இலக்கண நூலைப் படித்தார்கள், மற்றவர்கள் வேதம். மூத்தோர் 70 பேரில் வியாகரணத்துக்கு (இலக்கணம்) 25, மீமாம்சைக்கு (வேதச் சடங்குகளின் விளக்கம்) 35, வேதாந்தத்துக்கு 10. யாருக்கு எவ்வளவு நெல் என்பது வரை கல்லில் வெட்டியிருக்கிறார்கள். திருமுக்கூடலில் வீரராஜேந்திரன் கல்வெட்டு, பாடசாலையோடு விடுதியும் 15 படுக்கை ஆதுரசாலையும் (மருத்துவமனை) நடந்ததைச் சொல்கிறது.

அப்புறம் 1822. கவர்னர் தாமஸ் மன்றோ மாவட்டம் மாவட்டமாகப் பள்ளிகளை எண்ணச் சொன்னார். வந்து சேர்ந்த கணக்கில் சென்னை மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள். வடஆற்காடு கலெக்டர் காட்டிய கணக்கில் உயர்கல்வி நடந்த இடம் 69, அவற்றில் மாணவர்கள் 418.

418 என்ற எண்ணை முதலில் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நம் மாவட்டம், 200 வருடத்துக்கு முன்னால், வேதமும் சட்டமும் வானசாஸ்திரமும் படித்துக்கொண்டு! அன்றைக்கே இன்னொரு கேள்வியும் வந்தது. அந்த 418 பேர் யார்? திண்ணைப் பள்ளிகளில் பல சாதிப் பிள்ளைகளும் இருந்தார்கள், அது கணக்கிலேயே தெரிகிறது. உயர்கல்வி இடங்களில் பெரும்பாலும் பிராமணர்கள். பெண்கள் கிடையாது. எங்கள் தெருவிலிருந்து ஒருவர் அங்கே வாசல்படி ஏறியிருக்க முடியாது. எண்ணாயிரத்திலும் முடியாது.

ஐரோப்பாவும் இதில் குறைந்ததில்லை. 'லிபரல்' என்பதன் வேர் 'லிபர்'. லத்தீனில் அடிமை அல்லாதவன் என்று பொருள். சுதந்திரமானவன் படிக்கத் தகுந்த கலை என்பதுதான் அந்தப் பேர். மற்றவர்களுக்குக் கைவேலை.

நான் இத்தனை நாள் புகழ்ந்த படிப்பின் பேரிலேயே என் நைனாவை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

மே 28

திருத்தம். எண்ணாயிரத்தை 'நம் பக்கத்திலேயே' என்று எழுதிவிட்டேன். விழுப்புரம் பக்கம், பழைய தென்னாற்காடு. திருமுக்கூடல் செங்கல்பட்டு வட்டாரம், பாலாறு செய்யாறோடும் வேகவதியோடும் கூடும் இடம். வடஆற்காட்டுக்குச் சொந்தமாக நான் காட்டியது 1822 கணக்கு மட்டும்தான்.

ஜூன் 1, இரவு

நான்கு நாளாக எழுதவில்லை. 27-ஆம் தேதி எழுதியது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

நைனா மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் முதல் எட்டு வருடம் சுண்ணாம்புக் குழியில் இருந்தார். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும், ராத்திரி விளக்கெண்ணெய் தடவுவார். அப்புறம் இருபத்திரண்டு வருடம் செலக்‌ஷன். ஆட்டுத்தோலை வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் மேசையில் விரிப்பார். வெயில் நேராக விழக் கூடாது, விழுந்தால் வடு மறைந்துவிடும். கட்டைவிரலை முதுகெலும்பு ஓட்டத்தில் கழுத்திலிருந்து வால் வரை ஒரு முறை இழுப்பார். பிறகு வயிற்றுப் பக்கம் மடித்து இரண்டு விரலால் கசக்குவார். உண்ணி கடித்த குழி, அம்மை வடு, முள் கிழித்த கோடு, உரித்தவன் கத்தி ஆழமாய்ப் போன இடம். எல்லாம் பத்துப் பன்னிரண்டு வினாடி. சாக்கட்டியால் மூலையில் ஓர் எண் போட்டு வீசிவிடுவார். ஒரு நாளைக்கு எத்தனை நூறோ. எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "ஆடு எங்க மேஞ்சுதுன்னு தோலு சொல்லும்டா" என்பார்.

நான் கல்லூரி நூலகத்தில் அரிஸ்டாட்டில் படித்த வருடம் அது. கூலிக்குச் செய்யும் கைவேலை மனிதனின் மனதைத் தாழ்த்திவிடும், சுதந்திரமானவனுக்கு அது ஆகாது என்று அவர் எழுதுகிறார். படித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நைனா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு அரிஸ்டாட்டில்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, நைனாவைப் பார்த்து வெட்கம் வந்தது. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

ஒரு தோலைப் படிப்பதும் ஒரு கல்வெட்டைப் படிப்பதும் ஒரே வேலை என்று இப்போது எனக்குத் தெரியும். தழும்பைப் பார்த்து நடந்ததைச் சொல்வது. அந்த ஒற்றுமையைச் சொல்லிக்கொடுக்காத கலைப்படிப்பு குறைப்படிப்புதான்.

7-ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்ரீகர் யுவான் சுவாங் இந்தியக் கல்வியைப் பற்றி எழுதும்போது ஐந்து வித்தை சொல்கிறார். சொல்லிலக்கணம், கைத்தொழில் நுட்பம், மருத்துவம், தருக்கம், உள்முகமான தத்துவம். இரண்டாவதைப் பாருங்கள். அவர் படித்த நாளந்தாவில் அவருடைய ஆசிரியர் சீலபத்திரர். சீலபத்திரரின் ஆசிரியர் தர்மபாலர் நம் காஞ்சிபுரத்துக்காரர். வாசலிலேயே காவலாள் கேள்வி கேட்பான், பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர்தான் உள்ளே போவார்கள். தமிழில் 'கலை' என்ற சொல்லும் இப்படி இரண்டையும் சேர்த்தே பிடித்திருக்கிறது. ஆய கலைகள் அறுபத்து நான்கில் கவி பாடுவதும் உண்டு, தச்சும் உண்டு. சொல்லில் இருந்தது, நடைமுறையில் யாரை உள்ளே விட்டார்கள் என்பது வேறு கதை.

ஜூன் 2

நேற்று எழுதியதால் 'அப்படியானால் தொழிற்படிப்பே போதும்' என்று மூத்தார் சொல்கிறாராம். இல்லை. நைனாவுக்குத் தோல் தெரியும். அந்தத் தோல் கப்பலேறி எந்த விலைக்குப் போகிறது, ஏன் குரோம் உப்பில் பதனிடுவது வந்ததும் ஆவாரம்பட்டையில் பதனிட்ட குழிகள் மூடின, பாலாற்றுத் தண்ணீர் ஏன் நிறம் மாறியது என்று கேட்கும் வசதியை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. கேட்கக்கூடிய ஆள்தான் அவர்.

ஜூன் 4, இரவு

சம்பளம். நேராகக் கேட்டீர்கள், நேராகச் சொல்கிறேன். பி.ஏ. வரலாறு முடித்த மறுநாள் நல்ல சம்பளத்தில் யாரும் கூப்பிட மாட்டார்கள். பி.எட். முடித்தால் பள்ளிக்கூடம், குரூப் 2, குரூப் 4 எழுதினால் அரசு வேலை, எதுவாக இருந்தாலும் பட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். எங்கள் வகுப்பில் பதினோரு பேரில் இரண்டு பேர் நிற்க இடம் கிடைக்காமல் ரொம்பக் கஷ்டப்பட்டார்கள். வீட்டில் அந்த இரண்டு மூன்று வருடத்தைத் தாங்க முடியுமா என்பதை நீங்கள்தான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் படித்த இடத்தில் மூன்று வருடத்தில் பெரும்பகுதி நோட்ஸ்தான். வாத்தியார் சொல்ல நாங்கள் எழுதுவோம், அதையே தேர்வில் திருப்பி எழுதுவோம். ஒரு தடவை பென்டிங்க் பற்றி நானாக யோசித்து எழுதிய விடைக்கு மதிப்பெண் குறைந்தது. நோட்ஸில் இல்லாததை எழுதாதே என்று சொன்னார்கள். அகழிக்கரை மத்தியானங்கள் மூன்று வருடத்தில் ஐந்தோ ஆறோ இருக்கும். மகள் அந்த ஐந்தாறு நாளைத் தேடிப் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று தோழிகளோடு சேர்ந்து தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

எனக்கு எதற்கு உதவியது? வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் ஒரு முறை சரக்கு மட்டம் என்று பணத்தைப் பிடித்தார், ஆதாரமாகப் பரிசோதனைச் சான்றிதழ் அனுப்பினார். ஆபீசில் எல்லோரும் சான்றிதழில் எழுதியிருந்த குறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் பார்த்தது யார் எழுதியது, எந்தத் தேதி, எங்கே என்று. எங்கள் பெட்டிகள் கட்டி முடிப்பதற்கு நான்கு நாள் முந்திய தேதி அதில் இருந்தது. பணம் வந்தது. மூலத்தை நம்புமுன் அது எப்போது யாருக்காக எழுதப்பட்டது என்று பார் என்பதுதான் வரலாற்றுப் படிப்பின் முதல் பாடம்.

ஜூன் 6

ராதாகிருஷ்ணனை இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு மேல்விஷாரத்து நண்பர் கோபித்துக்கொண்டார். 1888-ல் திருத்தணியில் பிறந்தவர், வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்தவர். ஆபிசர்ஸ் லைனில் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் நான் ஒரு முறை திரும்பிப் பார்ப்பேன். அங்கிருந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரி போனார். தத்துவத்தை அவர் ஆசைப்பட்டு எடுத்தார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. படிக்க வசதி குறைவு. உறவினர் ஒருவர் தத்துவப் பட்டம் முடித்துவிட்டுத் தன் புத்தகங்களைக் கொடுத்தார், அதனால் தத்துவம். கைமாறி வந்த புத்தகம்!

1948-ல் சுதந்திர இந்தியா பல்கலைக்கழகக் கல்விக்கு முதல் ஆணையம் அமைத்தபோது அவர்தான் தலைவர். 1949 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தார்கள். அறிவியல், தொழில் படிக்கிறவர்களும் மனித இயலைத் தொட வேண்டும், கலை படிக்கிறவர்களும் அறிவியலைத் தொட வேண்டும் என்று பொதுக்கல்வியை அதில் வற்புறுத்தினார்கள். கிராமப்புறப் பல்கலைக்கழகம் வேண்டும் என்றும் சொன்னார்கள். இன்றைக்கு நம் ஊரைப் பாருங்கள். மருத்துவத்துக்கு உலகப் பேர், 1918-ல் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. இன்ஜினீயரிங்குக்கு நாடு முழுவதும் இருந்து பிள்ளைகள். கலைக்கும் பழைய வீடுகள் உண்டு: ஊரீசு 1898, வாணியம்பாடி இஸ்லாமியா 1919, திருப்பத்தூர் தூய நெஞ்சம் 1951, காட்பாடி ஆக்ஸிலியம் 1954. 2002-லிருந்து திருவள்ளுவர் பல்கலைக்கழகம். ஆனால் ஒரு வளாகத்துப் பிள்ளை அடுத்த வளாகத்துப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவது எங்கே? பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

ஜூன் 9, ஞாயிறு இரவு

இன்றைக்கு நீங்கள் மகளையும் மூத்தாரையும் கூட்டிக்கொண்டு வந்தது எனக்கு ரொம்பச் சந்தோஷம். மூத்தார் இவ்வளவு தூரம் நடப்பார் என்று நினைக்கவில்லை. போலோன்யா நெசவாளர் விஷயத்தை அவரே எடுத்தார் பாருங்கள்.

மக்கானில் இருக்கும் 1806 நினைவுத்தூணிலிருந்து கோட்டைவாசல் வரை நான் வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னேன். தேதி, உத்தரவு, கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள், கில்லெஸ்பி. அவள் பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தாள். அகழிப் பாலத்தில் நின்றதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்தத் தோல் குஞ்சத்தைச் செஞ்சு குடுத்தது யாரு, மாமா? நம்ம ஊர்க்காரங்களா? அவங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

முப்பது வருடமாக இந்தக் கதையைப் படிக்கிறேன், சொல்கிறேன். தோல் பதனிட்டவர் வீட்டில் பிறந்தவன் நான். தலையில் வைக்க மறுத்தவர்களைப் பற்றி எவ்வளவோ யோசித்திருக்கிறேன், தைத்துக் கொடுத்த கையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. அவளிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. மூத்தார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

ஜூன் 11

விண்ணப்பம் போட்டாயிற்று என்று செய்தி பார்த்தேன். கலந்தாய்வுக்குப் போகும்போது டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஒவ்வொன்றிலும் நான்கு நகல், போட்டோ ஆறு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றீர்கள், அப்படியானால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைத்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள், கல்லூரி தொடங்கிய பிறகு அலைய வேண்டாம். என்னிடம் இருக்கும் பழைய புத்தகங்கள் ஒரு பெட்டி, சனிக்கிழமை கொண்டுவருகிறேன். பென்டிங்க் இரண்டு புத்தகத்தில் வருகிறார்.

அவள் கேட்ட கேள்வியை ஒரு நோட்டில் முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். பேரணாம்பட்டில் நைனாவோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், நான்கு தலைமுறைத் தோல்காரர். இந்த வாரம் போய்ப் பார்க்கிறேன். வரட்டும் என்றால் அவளையும் அனுப்புங்கள்.